நரம்பு மண்டலக் கருவியல்: நாளைப் பிடித்துப் படியுங்கள்

எம்பிபிஎஸ் முதலாண்டில் கருவியல் என்றாலே பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நரம்பு மண்டலத்தைப் பொறுத்தவரை அப்படி ஒதுக்க அவசியமே இல்லை. எந்த நாளில் எது நடக்க வேண்டும், நடக்காவிட்டால் என்ன குறை வரும் என்று பார்த்தால் பாதிப் பாடம் தானாக வந்துவிடும். நான் அப்படித்தான் படித்தேன்.

மூன்றாவது வாரத்தில் நோட்டோகார்டின் (கருவின் நடு அச்சாக ஓடும் தண்டு) தூண்டுதலால் மேலே உள்ள எக்டோடெர்ம் (கருவின் வெளி அடுக்கு) தடித்து நியூரல் பிளேட் என்ற நரம்புத் தகடு ஆகிறது. அதன் ஓரங்கள் எழும்பி, 22ஆம் நாள் வாக்கில் கழுத்துப் பகுதியில் ஒன்றோடொன்று ஒட்டி நரம்புக் குழாயாகத் தொடங்கும். அங்கிருந்து தலைப்பக்கமும் வால்பக்கமும் மூடிக்கொண்டே போகும். குழாயின் தலைப்பக்கத் திறப்பான முன்துளை மூடுவது சுமார் 25ஆம் நாள், வால்பக்கத்துப் பின்துளை சுமார் 28ஆம் நாள். முன்துளை மூடாவிட்டால் அனென்செஃபலி, அதாவது மூளையின் பெரும்பகுதியும் மண்டையோடும் உருவாகாத நிலை. பின்பக்கம் மூடாவிட்டால் மயலோமெனிங்கோசீல். இங்கே தண்டுவடமே வெளியே பிதுங்கும். கூடவே சியாரி 2 (சிறுமூளையின் பகுதி கழுத்துப் பக்கம் கீழிறங்குவது), ஹைட்ரோசெஃபலஸ் (மூளைக்குள் நீர் தேங்குவது) இரண்டையும் எழுதுங்கள். மெனிங்கோசீலில் உறையும் திரவமும் மட்டுமே பிதுங்கும். ஸ்பைனா பைஃபிடா ஆக்கல்ட்டாவில் எலும்பு வளைவு மட்டும்தான் சேராது, மேலே தோல் மூடியிருக்கும். கருவில் உருவாகும் புரதமான ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் திறந்த குறைகளில்தான் உயரும், தோல் மூடியவற்றில் உயராது. ஏன் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால், திறந்த இடம் வழியாக அது பனிக்குட நீருக்குள் கசிகிறது என்று சொல்லுங்கள்.

இந்தப் பாடத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்த 28ஆம் நாள்தான். அது கருவுற்றதிலிருந்து எண்ணும் கணக்கு. மகப்பேறு மருத்துவர் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவதால் அவருக்கு அது ஆறாவது வாரம். அதாவது தாய்க்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பலர் பரிசோதனைகூடச் செய்திருக்க மாட்டார்கள். கர்ப்பம் உறுதியான பிறகு ஃபோலிக் அமிலம் தொடங்கினால் குழாய் மூடும் நேரம் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். அதனால்தான் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். முன்பு இக்குறையுள்ள குழந்தை பிறந்திருந்தால் அளவு மில்லிகிராம் கணக்குக்குப் போகும். 1991இல் வெளியான பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வில், 4 மில்லிகிராம் கொடுத்தபோது குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. தாய் வலிப்புக்கு வால்புரோயேட் என்ற மருந்தை எடுப்பதும் ஒரு காரணம் என்பதை விடாமல் எழுதுங்கள்.

அப்புறம் நியூரல் கிரெஸ்ட், அதாவது நரம்புத் தகட்டின் ஓரத்திலிருந்து பிரிந்து உடலெங்கும் நகரும் செல்கள். அதைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். அட்ரினல் மெடுல்லா (அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி), மெலனோசைட் (நிறமி செல்), ஷ்வான் செல் (நரம்பு இழைக்கு உறையிடும் செல்), குடலின் நரம்பு முடிச்சுகள் எல்லாம் அதிலிருந்து வருபவை. அந்தச் செல்கள் பெருங்குடலின் கடைசிப் பகுதிவரை போய்ச் சேராவிட்டால், அந்தப் பகுதி மலத்தைத் தள்ள முடியாத ஹிர்ஷ்ஸ்பிரங் நோய். பிறந்த குழந்தை முதல் 48 மணி நேரத்தில் மலம் கழிக்கவில்லை என்று கேள்வி தொடங்கினால், முதலில் இதை நினையுங்கள்.