ஜனவரிப் பனியில் வந்த 86 கிலோ

கோத்தகிரிப் பக்கம் எங்கள் சிறு தேயிலை விவசாயிகள் குழுவுக்குக் கணக்கு எழுதுவது நான்தான். யார் எந்தத் தேதியில் எத்தனை கிலோ பச்சை இலை போட்டார்கள் என்று மாதம் முடிந்ததும் ஆளுக்கொரு தாள் அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். 2024 ஏப்ரல் கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றே பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, ஜனவரியில பனி விழுந்து தோட்டமே கருகிக் கெடந்துச்சு. நாலாம் தேதி 86 கிலோ எங்கேருந்து வந்துச்சு?"

தாளை வாங்கிப் பார்த்தேன். ஜனவரி 4, 86 கிலோ. அதற்குக் கீழே டிசம்பர் 4, 71 கிலோ. நாங்கள் நின்றுகொண்டிருந்தது மே மாதத்தில். இன்னும் துளிர்க்காத இலையை எடை போட்டு வைத்திருக்கிறேன்! ஏப்ரல் மொத்தம் என்ற இடத்தில் பூஜ்யம்.

பெரியம்மா இலை போட்டது 1, 12, 25 ஆகிய மூன்று நாள். எடைக்களத்திலிருந்து வந்த சிஎஸ்வி ஃபைலில் (காற்புள்ளி வைத்துப் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) 01/04/2024, 12/04/2024, 25/04/2024 என்று சரியாகத்தான் இருந்தது. நான் அதை எக்ஸெலில் டபுள் கிளிக் செய்து திறந்தேன். லேப்டாப்போ அக்கா மகன் கொடுத்த பழையது, அமெரிக்க செட்டிங்கில் இருந்தது. அங்கே மாதம் முன்னால், நாள் பின்னால். அதனால் 01/04 ஜனவரி 4 ஆனது, 12/04 டிசம்பர் 4 ஆனது. 25ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் 25/04 மட்டும் வெறும் எழுத்தாகவே நின்றுவிட்டது. மாத மொத்தம் கூட்ட நான் போட்டிருந்த சம்இஃப்ஸ் ஃபார்முலா எழுத்தைத் தேதியாக எண்ணாது. இப்படி மூன்று பறிப்பும் ஏப்ரலை விட்டே போய்விட்டன.

உண்மையில் எழுத்தாக நின்ற வரிகள் எனக்கு முன்பே கண்ணில் பட்டிருந்தன. தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். எழுத்தைத் தேதியாக மாற்றும் டேட்வேல்யூ போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதுவும் கணினியின் செட்டிங்கைத்தான் பார்க்கும் என்பதால் #வேல்யூ! என்று கைவிரித்தது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில், சமர்த்தாக வலப்பக்கம் ஒட்டிக்கொண்ட வரிகளை நான் சந்தேகப்படவே இல்லை. திருடன் அங்கேதான் இருந்தான்.

அன்றிரவு உட்கார்ந்தேன். எழுத்தாக இருப்பதைத் துண்டு துண்டாக வெட்டி, ஆண்டு, மாதம், நாள் என்று வாங்கித் தேதி கட்டும் டேட்டிடம் கொடுத்துவிட்டால் செட்டிங் குறுக்கே வராது:

=டேட்(ரைட்(ஏ2,4), மிட்(ஏ2,4,2), லெஃப்ட்(ஏ2,2))

ஏற்கெனவே தேதியாக மாறித் தடம் புரண்டவற்றுக்கு மாதத்தையும் நாளையும் இடம் மாற்ற வேண்டும்:

=டேட்(இயர்(ஏ2), டே(ஏ2), மன்த்(ஏ2))

இரண்டையும், தேதியாக மாறியதா எழுத்தா என்று பார்த்துப் பிரிக்கும் இஃப், இஸ்நம்பர் போட்டு ஒன்றாக்கினேன். (தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், தெரிந்ததுதானே.) ஒன்று மட்டும் கவனம்: சரியான செட்டிங்கில் திறந்த ஃபைலில் இந்த இரண்டாவது ஃபார்முலாவைப் போட்டால் நல்ல தேதியும் கெட்டுவிடும்.

இன்னொரு எடைக்களத்துத் தம்பி கையால் 3.4.24 என்று புள்ளி வைத்து அடித்திருந்தார். நாள் சில வரியில் ஒற்றை இலக்கம், சில வரியில் இரட்டை இலக்கம் என்பதால் வெட்டும் இடம் வரிக்கு வரி மாறும். புள்ளி எங்கே இருக்கிறது என்று ஃபைண்ட் வைத்துத் தேடி வெட்டினேன். வந்த தேதி 1924 ஏப்ரல் 3! ஆண்டுக்கு வெறும் 24 கொடுத்தால் டேட் அதோடு 1900ஐக் கூட்டிக்கொள்ளும். 2000+ரைட்(ஏ2,2) என்று மாற்றினேன். அப்போதும் சில வரிகள் 2004க்குப் போயின. இதற்குத்தான் அரை மணி நேரம் ஆனது. தேதிக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் விழுந்திருந்தது. கடைசி இரண்டு எழுத்து என்றால் 4ம் அந்த ஸ்பேஸும்தான். ஓரத்து ஸ்பேஸை வெட்டும் ட்ரிம் போட்டதும் அடங்கியது.

முடிவில் தேதிப் பத்திக்கு, மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் காட்டும் மின், மேக்ஸ் இரண்டும் போட்டேன். 45383, 45412 என்று எண்கள் வந்தன. பயப்பட வேண்டாம், 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்து எக்ஸெல் எண்ணும் நாள் கணக்கு அது. தேதி வடிவத்துக்கு மாற்றினால் ஏப்ரல் 1, ஏப்ரல் 30. இதை முதல் நாளே செய்திருந்தால் ஜனவரியும் டிசம்பரும் அங்கேயே மாட்டியிருக்கும். லேப்டாப்பை இந்திய செட்டிங்குக்கு மாற்றிவிட்டுத்தான் படுத்தேன்.

மறுநாள் புதுத் தாளோடு போனேன். பெரியம்மா ஆணியில் குத்தி வைத்திருந்த துண்டுச் சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். 86, 71, 93. மொத்தம் 250 கிலோ. சீட்டுகளைத் திரும்ப ஆணியில் குத்திவிட்டு, "சரி, சாக்கு எடைக்குக் கழிச்சது இதுல எங்க இருக்கு?" என்றார்.