ரஞ்சியில் ஒரு ரன்னுக்கு என்ன விலை?

மாநில அணிகள் மோதும் ரஞ்சி கோப்பையின் 2024-25 நாக்-அவுட்டில் கேரளா ஆடிய மூன்று ஆட்டமும் டிரா. முதல் இரண்டு டிரா அவர்களை ஃபைனல் வரை கூட்டிப்போனது, மூன்றாவது கோப்பையைப் பறித்தது. ஐபிஎல் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது புரியாத கணக்கு.

லீக் ஆட்டம் நான்கு நாள், தினம் 90 ஓவர். நேரடி வெற்றிக்கு 6 புள்ளி. இன்னிங்ஸ் வித்தியாசத்திலோ பத்து விக்கெட்டிலோ ஜெயித்தால் கூடுதலாக 1. டிரா ஆனால் முதல் இன்னிங்ஸ் லீட், அதாவது எதிரணியைவிடக் கூடுதல் ரன், எடுத்த அணிக்கு 3, மற்றதற்கு 1. மழையில் முதல் இன்னிங்ஸே முடியாவிட்டால் ஆளுக்கு 1. அதனால்தான் கடைசி நாள் லீடைக் கையில் வைத்திருக்கும் கேப்டன் டிக்ளேர் செய்ய, அதாவது இன்னிங்ஸைத் தானே முடித்து எதிரணியை ஆடவிட, தயங்குகிறார். துணிந்து டிக்ளேர் செய்து தோற்றால் கையிலிருந்த 3-ம் போய் பூஜ்யம். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது.

நாக்-அவுட் ஐந்து நாள். அங்கே புள்ளி கிடையாது. டிரா என்றால் லீட் எடுத்தவர் அடுத்த சுற்றுக்குப் போவார், ஃபைனல் என்றால் கோப்பையே அவருக்கு. புனே காலிறுதியில் ஜம்மு காஷ்மீர் 280. கேரளா 200/9 என்று தடுமாறியபோது சல்மான் நிசாரும் பாசில் தம்பியும் கடைசி விக்கெட்டுக்கு 81 சேர்த்தார்கள். 281. ஒரு ரன் லீட்! அதன்பின் நான்காவது இன்னிங்ஸில் நின்று டிரா செய்தாலே போதும் என்றானது, செய்தார்கள்.

அகமதாபாத் அரையிறுதி இன்னும் மோசம், இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. கேரளா 457. நான்காம் நாள் முடிவில் குஜராத் 429/7. மறுநாள் காலை கடைசி ஜோடி 455 வரை வந்துவிட்டது. குஜராத்தின் நாக்வஸ்வாலா ஓங்கி அடித்த பந்து பேட்ஸ்மேனுக்கு மிக அருகே ஷார்ட் லெக்கில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு எகிறி, ஸ்லிப்பில் கேரள கேப்டன் சச்சின் பேபி கையில் விழுந்தது. கேரளாவுக்கு இரண்டு ரன் லீட். ஃபீல்டர் அணிந்திருக்கும் ஹெல்மெட்டில் பட்டு வந்தால் முன்பு கேட்ச் இல்லை. 2017 விதி மாற்றத்துக்குப் பிறகுதான் அது அவுட். பழைய விதி என்றால் குஜராத் தொடர்ந்து ஆடியிருக்கும்.

அந்த சீசனில் ரஞ்சியை இரண்டாகப் பிரித்தார்கள். ஐந்து சுற்று நவம்பருக்குள், மீதி இரண்டு ஜனவரி 23-லிருந்து. நடுவில் முஷ்டாக் அலி, விஜய் ஹசாரே என்ற வெள்ளைப் பந்து தொடர்கள். இரண்டு மாதம் வெள்ளைப் பந்தைத் தூக்கி அடித்த கை மறுபடி ரஞ்சியின் சிவப்புப் பந்தை அடிக்காமல் விட்டுவிட்டு, பொறுத்து ஆடப் பழக வேண்டும். இந்தியா டெஸ்ட் தொடர்களில் நியூசிலாந்திடம் சொந்த மண்ணில் 0-3, ஆஸ்திரேலியாவில் 1-3 என்று தோற்றபின் ரோஹித்தும் கோலியும் ரஞ்சிக்கு வந்ததும் இந்த ஜனவரி சுற்றுகளில்தான். டெல்லியில் கோலியைப் பார்க்க அத்தனை கூட்டம். அவர் எடுத்தது 6.

நாக்பூர் ஃபைனலில் விதர்பா 379. சச்சின் பேபி 98-ல் பார்த் ரேகாடேயைத் தூக்கி அடிக்கப்போய் அவுட்டானதும் லீட் கனவு நழுவியது, கேரளா 342. அப்புறம் விதர்பாவுக்கு என்ன அவசரம்? 375/9 வரை சாவகாசமாக ஆடி, மூன்றாவது முறையாகக் கோப்பையை எடுத்துக்கொண்டது.