உப்புத் தண்ணியும் ஆறாத துளைப்புண்ணும்

லேப்ராஸ்கோபி (சிறு துளை வழி அறுவை) செய்த துளை ஆறி, மூன்று நான்கு வாரம் கழித்து அதே இடம் தடித்துக் கருத்து நீர்த்த சீழ் கசியும். சாதாரணக் கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனையில்) 48 மணி நேரத்தில் எதுவும் வளராததால் வளர்ப்புத் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். காசநோய் என்று நினைத்து மாத்திரையும் தொடங்கிவிடுவார்கள். உண்மையில் அது ஃபார்ச்சுயிட்டம், கீலோனே, அப்செசஸ் என்ற மண்ணிலும் நீரிலும் வாழும் மைகோபாக்டீரியாக்களில் (காசநோய்க் கிருமியின் உறவினங்களில்) ஒன்றாக இருக்கலாம். காசநோய் மருந்துகளான ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் இவற்றிடம் எடுபடாது.

கோவை, திருப்பூர் பக்கம் வீட்டுக்கு வீடு நல்ல தண்ணி ஒன்று, போர்வெல் உப்புத் தண்ணி ஒன்று. இரண்டிலும் இவை இருக்கலாம். மெழுகு போன்ற செல்சுவர் குளோரினைத் தாங்கும். மேல்தொட்டியிலும் குழாயின் உட்புற வழவழப்பிலும் ஒட்டிப் பெருகும். அறுவைக் கருவியை 2% குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினியில் ஊறவைத்துவிட்டுக் கடைசியில் குழாய்த் தண்ணீரில் அலசினால் கிருமியை நாமே திரும்ப ஏற்றுகிறோம். கருவியின் மூட்டுகளைக் கழற்றிக் கழுவி ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்வதே சரி. சில திரிபுகள் (ஒரே இனத்தின் வேறுபட்ட வகைகள்) குளூட்டரால்டிஹைடையே தாங்கும். பிரேசிலில் அப்படியொரு மசிலியன்ஸ் (அப்செசஸின் ஓர் உட்பிரிவு) திரிபு பல மாநிலங்களில் பரவியது. ஆய்வகத்திலும் இதே கவனம் வேண்டும்: ஸ்மியரை (கண்ணாடியில் தடவிய மாதிரியை) குழாய்த் தண்ணீரில் கழுவினால் நீரில் வாழும் கார்டோனே என்ற மைகோபாக்டீரியா ஒட்டிக்கொண்டு பொய்யான பாசிட்டிவ் காட்டும்.

புண்ணைப் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுக்கும் ஸ்வாப் வேண்டாம், ஊசியில் இழுத்த சீழோ திசுவோ அனுப்புங்கள். மூடிய கட்டியிலிருந்து எடுத்ததற்குச் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்க்கக் கூடாது, விரைவில் வளரும் வகைகள் அதில் செத்துவிடும். 30, 37 டிகிரி இரண்டிலும் வையுங்கள். கீலோனேக்கு 30தான் பிடிக்கும்.

வளர்ந்ததும் 'காசநோய் அல்லாத மைகோபாக்டீரியா' என்று எழுதி முடிப்பது பாதி விடைதான். இனம் காண வழக்கமாகப் பார்க்கும் 16எஸ் ஜீனை மட்டும் வைத்துக் கீலோனேயையும் அப்செசஸையும் தெளிவாகப் பிரிப்பது கடினம். ஆர்பிஓ-பி அல்லது எச்எஸ்பி-65 என்ற வேறு ஜீனைப் பார்க்க வேண்டும். அப்செசஸுக்குள்ளும் உட்பிரிவு முக்கியம். மசிலியன்ஸில் மருந்து எதிர்ப்பைத் தரும் எர்ம்-41 ஜீன் சிதைந்திருப்பதால் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பொதுவாக வேலை செய்யும். மற்றவற்றில் அந்த ஜீன் மருந்து பட்ட பிறகுதான் விழித்துக்கொள்ளும்: மருந்து கேட்குமா என்ற சோதனையில் ஐந்தாம் நாள் 'கேட்கும்' என்று வந்தது 14ஆம் நாள் 'கேட்காது' என்று மாறும். ஜீனின் 28ஆவது இடத்தில் டி-க்குப் பதில் சி இருந்தால் இந்த மாற்றம் வராது. 14 நாளில் சோதனைத் தட்டின் குழிகள் வற்றினால் முடிவு கெடும். தட்டை நன்றாக ஒட்டி மூடுங்கள்.

சொரசொரப்பான காலனி, வழவழப்பான காலனி இரண்டும் ஒரே தட்டில் வரும்போது இரண்டையும் எடுங்கள். மேலுறையான கிளைக்கோபெப்டிடோலிப்பிடை (கொழுப்புப் பொருளை) இழந்த சொரசொரப்பு வகை கயிறுபோல் திரளும், கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்லால் அதை விழுங்க முடியாது. நோயின் கடுமை அதில்தான் கூடுதல்.

சளியில் ஒருமுறை வளர்ந்தாலே நோய் என்று சொல்ல வேண்டாம், தனித்தனியாக எடுத்த இரண்டு சளியிலாவது வர வேண்டும். அதேபோல் தொட்டியிலும் நோயாளியிடமும் ஒரே இனம் கிடைத்தது மட்டும் சான்றாகாது. திரிபை ஒப்பிட, டிஎன்ஏ துண்டுகளை மின்புலத்தில் பிரிக்கும் பல்ஸ்டு ஃபீல்டு ஜெல் ஓட்டினால் அப்செசஸின் டிஎன்ஏ பலமுறை சிதைந்து இழுபடும். ஓட்டும் திரவத்தில் தயோயூரியா சேர்த்தால் கோடுகள் தெளியும். தண்ணீர் மாதிரி ஒரு லிட்டர், குளோரினை முறிக்கச் சோடியம் தயோசல்ஃபேட் போட்ட பாட்டிலில் எடுங்கள். எந்தக் குழாய், எந்தத் தொட்டி என்பதை பாட்டிலின் மேலேயே எழுதிவிடுங்கள்.