சோளகக் காத்துக்கும் நுவரெலியாக் குளிருக்கும் ஒரே பாக்

ஓகஸ்ட் லீவு கிட்ட வந்தாலே எங்கட பக்கம் எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான், ரூருக்கு உடுப்பு எடுத்தாச்சோ எண்டு. கிளிநொச்சி ரவுணில கடை வாசலெல்லாம் பெரிய பூப்போட்ட மெல்லிசுச் சட்டையள், அகலத் தொப்பியள், கறுப்புக் கண்ணாடியள் எண்டு தொங்கத் தொடங்கிடும், எல்லாரும் போய் அதையே வாங்கி, எல்லாற்ற படத்திலயும் அதே பூ. வாங்கிறவையில எனக்கு ஒரு கோவமும் இல்லை. ஆனா பயணத்துக்கெண்டு வேற ஒரு ஆளா வெளிக்கிடுறது எனக்குச் சரிவராது. திருகோணமலைக் கடற்கரையில நிண்டாலும் நுவரெலியாவில தேத்தண்ணித் தோட்டத்துக்க நிண்டாலும் படத்தில நிக்கிறது நானா இருக்கோணும். அதைப்பற்றித்தான் இண்டைக்கு எழுதுறன்.

நான் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில ரீச்சர்மார் எண்டா சாறிதான், 2022 கடைசியில சில ரீச்சர்மார் வேற உடுப்பில போய் அது நாடு முழுக்கப் பெரிய கதையானது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எனக்குச் சாறி நல்ல விருப்பம், அதில குறையே சொல்லமாட்டன், ஆனா தவணை முழுக்கக் காலமை ஆறரைக்கு மடிப்புப் பிடிச்சு பின் குத்தி மோட்டச்சைக்கிளில போற ஆளுக்கு லீவு எண்டா உடம்புக்கும் லீவு வேணும். அந்தக் கொஞ்ச நாளிலதான் என்ர விருப்பத்துக்கு உடுக்கிறன், அதால அந்த உடுப்பை யோசிச்சு எடுக்கிறன்.

முதல்ல வெயிலையும் காத்தையும் சொல்லோணும். வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்கள் சமர் சமர் எண்டு சொல்லிக்கொண்டு வந்து இறங்கேக்க இஞ்ச சோளகம் எண்ட தென்மேல் காத்து அடிச்சுக்கொண்டிருக்கும். பகலில 33, 34 பாகை, மழை ஒரு சொட்டில்லை, கிறவல் ரோட்டுப் புழுதி காத்தோட எழும்பி வெள்ளை உடுப்பெல்லாத்தையும் செம்மஞ்சளாக்கிப் போடும். இதுக்குள்ள இருந்து வெளிக்கிட்டு வவுனியா போய், ஹொரவப்பொத்தானை ரோட்டால திருகோணமலை. அங்கயும் அதே வெயில், ஆனா கடல் குளம் மாதிரி அமைதியா இருக்கும், கிழக்குப் பக்கக் கடல் குளிக்க நல்லா இருக்கிறது மே தொடங்கி செப்ரெம்பர் மட்டும்தான். பிறகு ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி எண்டு ஏறி நுவரெலியா. 1868 மீற்றர் உயரம். ஓகஸ்டில அங்க தென்மேல் பருவமழைத் தூறலும் புகாரும், பகலிலயே 20 பாகையைத் தாண்டுறது குறைவு, இரவில கால் விறைக்கும். ஒரே கிழமை, ஒரே வான், ஒரே பாக், ரெண்டு காலநிலை. சித்தப்பா பிடிக்கிற ஹையேஸ் வானில ஆளுக்கு ஒரு பாக்குக்குத்தான் இடம், அதில மாற்றமே இல்லை.

உங்கட ஸ்ரைல் என்னெண்டு தெரியவேணுமெண்டா அலுமாரியைத் திறந்து பாக்காதேங்கோ. அலுமாரியில ஆரோ குடுத்தது, ஆசைப்பட்டு வாங்கினது, மெலிஞ்சாப் போடலாம் எண்டு வச்சது எல்லாம் கிடக்கும். முத்தத்தில உடுப்புக் கொடியைப் பாருங்கோ. கிழமைக்குக் கிழமை திரும்பத் திரும்பக் காயிற உடுப்பு எது? அதுதான் நீங்கள். என்ர கொடியில எப்பவும் கிடக்கிறது கணுக்கால் வரைக்கும் வாற பருத்திச் சட்டையள், முழங்கைக்குக் கிட்ட நிக்கிற கை, ரெண்டு பக்கமும் பொக்கற். நிறம் எண்டா கடும் நீலம், குங்குமச் சிவப்பு, கடுகு மஞ்சள், கொஞ்சம் பாசிப்பச்சை. பூ இல்லை, கோடு இருக்கும். பயணத்துக்கும் அதையேதான் எடுக்கிறன். சின்னச் சின்ன மாற்றத்தோட.

நிறத்தைப்பற்றி இன்னும் கொஞ்சம். மூண்டு நிறத்துக்குள்ள நிண்டா எதையும் எதோடயும் போடலாம். என்ர நீலச் சட்டைக்கு மேல கடுகு மஞ்சள் சோல் போட்டா ஒரு உடுப்பு, அதே சோலைக் குங்குமச் சிவப்புக்குப் போட்டா வேற உடுப்பு, நீலச் சட்டையை முன்பக்கம் திறந்து கோட் மாதிரி ஜீன்சுக்கு மேல போட்டா அது மூண்டாவது. இதுக்காகத்தான் ஒரு சட்டையை முன்னால முழுக்க பட்டன் வச்சுத் தைப்பிச்சனான். ஒரு பாக்குக்குள்ள அதால எவ்வளவு இடம் மிச்சமெண்டு போட்டுப் பாத்தால்தான் தெரியும்.

துணி எண்டு வந்தா வெயிலுக்குப் பருத்தியை அடிக்க ஒண்டுமில்லை. வேர்வையை உறிஞ்சும், காத்து உள்ள வரும். கடையில பளபளப்பாத் தொங்கிறதில கனக்க பொலியெஸ்டர், பாக்க வடிவு, வானுக்குள்ள ரெண்டு மணித்தியாலம் இருந்தா முதுகோட ஒட்டி மணக்கத் தொடங்கிடும். லினனும் நல்லம்தான், ஆனா இருந்து எழும்பினா கசங்கும், எனக்கு அந்தக் கசங்கல் பிடிக்கும், உங்களுக்குப் பிடிக்காட்டி எடுக்காதேங்கோ. எனக்கு மனசுக்கு நெருக்கம் கைத்தறித் துணி. எங்கட பக்கம் நெசவு செய்யிற பெண் பிள்ளையளிட்ட வாங்கின கோட்டுத் துணி ஒண்டு இருக்கு, தோய்க்கத் தோய்க்க மெத்தெண்டு வருது, வாங்கின நாளிலயும் பாக்க இப்பதான் நல்ல வடிவு. நீளச் சட்டைக்கு மூண்டு மீற்றர் எடுங்கோ. தைக்கக் குடுக்க முதல் ஒரு இரவு தண்ணியில ஊறப்போட்டுக் காயவிடுங்கோ, பருத்தி சுருங்கும், சாயமும் போகும், தைச்சாப் பிறகு சுருங்கினா ஒண்டும் செய்யேலாது.

இனிக் கடல். இஞ்ச மட்டும் பருத்தி கூடாது. நனைஞ்ச பருத்தி பாரமாகி காலைச் சுத்தும், உடம்போட ஒட்டி வெளியில தெரியும், காயவும் நேரமெடுக்கும். எங்கட பொம்பிளையள் கனபேர் கிணத்தடியில குறுக்குக்கட்டோட குளிச்சு வளந்தவை, கடலுக்கு என்ன போடுறது எண்டு தெரியாமப் பழைய நைற்றியோட இறங்கிறதும், இல்லாட்டி கரையிலயே இருந்து மற்றவையின்ர உடுப்புக்குக் காவல் இருக்கிறதும் எனக்குப் பாக்கக் கவலையா இருக்கும். திருகோணமலை நிலாவெளிக் கடலுக்கு வந்து குளிக்காமப் போறதோ! நான் எடுக்கிறது கறுப்பு லைக்ரா லெகிங்ஸ், அதுக்கு மேல முழங்கால் வரைக்கும் வாற நீட்டுக் கை நைலோன் ரொப், கடும் நீலம். நனைஞ்சாலும் ஒண்டும் தெரியாது, அரை மணித்தியாலத்தில காயும். நிறமும் நீளமும் என்ர மற்றச் சட்டையள் மாதிரியே, அதால கடலுக்க நிக்கேக்கயும் அது நான்தான். புறாத்தீவுக்கு வள்ளத்தில போய்ப் பவளப்பாறை பாக்கிற எண்ணம் இருந்தா நீட்டுக் கை கட்டாயம், முகத்தைத் தண்ணிக்க வச்சுக்கொண்டு மிதக்கேக்க முதுகிலயும் கையிலயும்தான் வெயில் எரிக்கும். அது 2003ஆம் ஆண்டில இருந்து தேசிய பூங்கா, பவளத்தில கால் வைக்கக் கூடாது, அதையும் பிள்ளையளுக்குச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கோ.

குளிருக்கு எல்லாரும் செய்யிறது ஒரு மொத்த சுவெற்றரை அடைக்கிறது. அது பாக்கில பாதி இடத்தைப் பிடிக்கும், மாத்தளை தாண்டும் வரைக்கும் சும்மா வரும், போட்டாலும் உள்ள போட்ட உடுப்பு ஒண்டும் தெரியாது, நுவரெலியாப் படம் எல்லாத்திலயும் சாம்பல் சுவெற்றர்தான் இருக்கும். அதை விட மெல்லிசா மூண்டு அடுக்கு நல்லம். உள்ளுக்கு ஒட்டின ரீசேட், அதுக்கு மேல அதே பருத்திச் சட்டை, அதுக்கு மேல காத்துப் புகாத மெல்லிய ஜக்கெற், கழுத்துக்கு அந்தச் சோல். சட்டைக்கு உள்ள லெகிங்ஸ், காலுக்கு சொக்ஸ். சொக்சை மறக்காதேங்கோ, எங்கட ஆக்கள் வெறுங்காலில செருப்போட போய்த்தான் அங்க நடுங்கிறவை.

கோயிலுக்கு ஒரு சாறி வேணும், அதில எனக்கு வேற கதை இல்லை. கோணேஸ்வரத்தில மலை உச்சியில, கீழ கடல், காத்து ஆளைத் தூக்கும், அங்க வழுக்கிற சிந்தெற்றிக் சாறி நிக்கவே நிக்காது, கொஞ்சம் பாரமான கைத்தறிச் சாறி எண்டா சொன்ன இடத்தில நிக்கும். கண்டியில தலதா மாளிகைக்குப் போறதெண்டாலும் தோளும் முழங்காலும் மறைஞ்சிருக்கோணும், நுவரெலியாவுக்கு அங்கால சீத்தா எலிய அம்மன் கோயிலுக்கும் அதே சாறி போதும். ஒரு சாறிக்கு ரெண்டு பிளவுஸ் எடுத்தன் எண்டா ரெண்டு சாறி கணக்கு. பள்ளிக்கூடச் சாறியை மட்டும் எடுக்கமாட்டன், அதைக் கண்டாலே கொப்பி திருத்தோணும் போல இருக்கும்.

அம்மா பாக் அடுக்கிறது வேற விதம். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், பாங்குப் புத்தகம் எல்லாம் பொலித்தீன் பையில சுத்தி முதல்ல அடியில வைப்பா, நுவரெலியா போறதுக்கும் வைப்பா. பிறகு கிழியாதது, ஊத்தை தெரியாதது, இறுக்கிச் சுருட்டக் கூடியது மட்டும். 2008 கடைசியில சண்டையால கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எண்டு போகப் போக எங்கட பாக் சிறுசாகிக்கொண்டே வந்தது, செட்டிகுளம் முகாமில போய் நிக்கேக்க உடம்பில கிடந்ததுதான் உடுப்பு. அம்மான்ர நல்ல சாறியள் எல்லாம் வழியிலயே போச்சு. அதுக்குப் பிறகு அவ வடிவுக்கெண்டு ஒண்டையும் பாக்கில வைக்கிறதில்லை. அதால நான் அவவின்ர பாக்கையும் திறந்து, அவவுக்குப் பிடிச்ச அந்த இளம் ஊதாப் பருத்திச் சாறியையும் முத்துத் தோட்டையும் மேல வச்சுவிடுவன். "உது எதுக்கு பிள்ளை, சும்மா பாரம்" எண்டுவா. எடுத்து வெளியில வைக்கமாட்டா. கோணேஸ்வரத்தில அதைக் கட்டிக்கொண்டு நிண்டவ, கண்ணாடி கேட்டு வாங்கித் தலையைச் சரிபாத்தவ. எனக்கு அது பெரிய சந்தோசம்.

கனடாவில இருந்து வாற மச்சாளவையோட சேந்து போறதெண்டா இன்னொரு விசயமும் வரும். அவை கையில்லாத சட்டை, அரைக்கால்சட்டை எண்டு கொண்டு வருவினம், இஞ்ச இருக்கிறவை அதைப் பாத்து ஒண்டில் முகஞ்சுளிப்பினம், இல்லாட்டித் தாங்களும் அப்பிடிப் போடோணும் எண்டு அந்தரப்படுவினம். ரெண்டும் தேவையில்லை. மச்சாள் அதுக்குள்ள சுகமா இருக்கிறா, அது அவவின்ர ஸ்ரைல். எனக்கு ஒரே ஒரு சோதினைதான் இருக்கு: அந்த உடுப்போட முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில இறங்கித் தேங்காய் உடைச்சுக் கச்சான் வாங்கி, கண்டியில சொந்தக்காரர் வீட்டில நிலத்தில இருந்து சாப்பிட்டு, பிறகு வானில சாஞ்சு நித்திரை கொள்ளலாமோ, இடையில ஒருக்காலும் இழுத்து இழுத்து விடாம? ஏலுமெண்டா எடுப்பன். கை இல்லாத சட்டை எனக்கும் ஒண்டு இருக்கு, மேல சோல் ஒண்டு இருந்தா அது இந்தச் சோதினையில நல்லா நிக்குது. போனமுறை மச்சாள் என்ர கோட்டுத் துணிச் சட்டையைப் போட்டுப் பாத்திட்டுக் கழட்டவே இல்லை, இந்தமுறை தனக்கும் ஒண்டு தைப்பிச்சு வைக்கச் சொல்லி அளவு அனுப்பியிருக்கிறா.

மிச்சம் எல்லாம் சின்னது. செருப்பு ரெண்டு சோடி போதும், ஒண்டு பின்வார் வச்ச தோல் செருப்பு, மற்றது நனையிற றப்பர். கையில தூக்கிறது பனையோலை பாக், வெயிலுக்கு பனையோலைத் தொப்பி, ரெண்டும் எங்கட மரத்தில இருந்து வந்த சாமான், கடற்கரைக்கு அதைவிடப் பொருத்தமானது எந்தக் கடையிலயும் இல்லை எண்டு உறுதியாச் சொல்லுவன். தொப்பியை மடிக்கக் கூடாது, அதுக்குள்ள சட்டையைச் சுருட்டி வச்சு அடுக்கினா உருவம் கெடாது. நகை எண்டு வெள்ளித் தோடு ஒரு சோடி, பவுனை வீட்டில விட்டிட்டுப் போங்கோ, கடலுக்க தோட்டைத் தேடேலாது.

தங்கச்சி எடுக்கிறது ஜீன்சும் கறுப்பு ரீசேட்டும் மட்டும், எங்க போனாலும். முந்தி அதுக்குப் பெரியம்மாவை எல்லாம் பேசுவினம், கலரா ஒண்டு போடன் பிள்ளை எண்டு. நான் பேசமாட்டன். அவள் எந்தப் படத்தில நிண்டாலும் தூரத்திலயே தெரியும் இது அவள்தான் எண்டு. கறுப்பு வெயிலை இழுக்கும் எண்டதால அவளுக்கு லூசான மெல்லிய பருத்தியில கறுப்பு ரீசேட் தேடி வாங்கிக் குடுத்தன், அவ்வளவுதான்.

தைக்கக் குடுக்கிறதெண்டா ஜூலை முதல் கிழமைக்குள்ள குடுத்திடுங்கோ. பிறகு நல்லூர்த் திருவிழாவும் ஆடி முடிஞ்ச கையோட ஆவணிக் கலியாணங்களும் வெளிநாட்டு ஆக்களின்ர ஓடரும் சேந்து வரும், தையல்கார அக்காவுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. குடுக்கேக்க உங்களுக்கு நல்லாப் பொருந்தின பழைய சட்டை ஒண்டையும் அளவுக்குக் குடுங்கோ, பொக்கற் ரெண்டு பக்கமும், போன் முழுக்க உள்ள போற ஆழத்துக்கு வேணும் எண்டு வாயாலயும் சொல்லிவிடுங்கோ.