ரூபாய் கட்டத்தில் ஸ்பேஸ்: 170-லிருந்து பவர் 520-க்கு ஒரு ஸ்டாக் லெட்ஜர்

டேலி ஆகிவிட்டது! பெங்களூர் பீன்யாவில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் ஸ்டாக் லெட்ஜர், ஐபிஎம்மின் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரான ஏஎஸ்/400 மாடல் 170-லிருந்து, அதன் வாரிசான என் பவர் 520-க்கு (8203-ஈ4ஏ, ஆபரேட்டிங் சிஸ்டம் ஐபிஎம் ஐ 7.1) வந்து சேர்ந்தாயிற்று. 132 எழுத்து அகலத் தாளில் அச்சான பழைய ரிப்போர்ட்டின் குளோசிங் வேல்யூவோடு பைசா சுத்தமாகப் பொருந்துகிறது. அல்சூரில் எங்கள் கீழ்வீட்டுக்காரர்கள் இனி கொஞ்ச நாள் ஃபேன் இரைச்சல் இல்லாமல் தூங்கலாம்.

ஃபைல்களை சேவ் ஃபைல் என்ற ஒரே மூட்டையாகக் கட்டுவது, பைனரி எஃப்டிபியில் அனுப்புவது, ரீஸ்டோர் செய்து பிரிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வாங்கும் மெஷினில் காலி சேவ் ஃபைலை முதலிலேயே உருவாக்கி வைப்பதை மட்டும் மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் அது 528 பைட் ரெக்கார்டுள்ள சாதா ஃபைலாக இறங்கும், ரீஸ்டோர் கையை விரித்துவிடும். புரோகிராம்களை நான் எடுக்கவே இல்லை. அப்சர்வபிலிட்டி (புது மெஷினுக்கு மாற்றி எழுதத் தேவையான உள்விவரம்) நீக்கிய பழைய புரோகிராம் ஆப்ஜெக்டுகள் ஐபிஎம் ஐ 6.1-க்குப் பிறகு மாறவே மாறாது. அவை எழுதப்பட்ட ஆர்பிஜி 2 மொழி சோர்ஸ் கிடைத்ததே பெரிய விஷயம்.

ஆம், ஆர்பிஜி 2. மொத்தமும் ஏஎஸ்/400-க்கு முந்தைய சிஸ்டம்/36 மெஷின் காலத்துச் சரக்கு, 400-ல் அந்தப் பழைய மெஷினைப் போலவே நடந்துகொள்ளும் 36 என்விரான்மென்டுக்குள் ஓடியிருக்கிறது. 36 வந்தது 1983-ல். அப்போது ஐபிஎம் இந்தியாவிலேயே இல்லை. 1978-ல் கிளம்பிப்போய், 1992-ல் டாட்டாவோடு கூட்டுச் சேர்ந்துதான் திரும்பியது. அதனால் இந்த பேக்கேஜ் வெளிநாட்டுத் தாய்க் கம்பெனியிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அந்தக் காலத்து ஃபைலுக்கு டிடிஎஸ், அதாவது எந்த ஃபீல்டு எங்கே என்று சொல்லும் விவரக்குறிப்பு, கிடையாது. ஒரே தட்டையான ரெக்கார்டு, எந்த பைட்டில் எது என்பது புரோகிராமின் ஐ-ஸ்பெக்கில் (இன்புட்டை விவரிக்கும் வரிகள்) 44 முதல் 51 வரையுள்ள இடங்களில்தான் இருக்கும். 43-ல் 'பி' இருந்தால் பேக்டு: ஒரு பைட்டில் இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் சைன். அதைப் பார்த்து டிடிஎஸ் எழுதி, காப்பி ஃபைல் கமாண்டில் நோசெக் ஆப்ஷன் போட்டு ஊற்றினேன். ஹெடரும் டீடெயிலும் ஒரே ஃபைலில் கலந்து கிடந்ததால் முதல் எழுத்தை வைத்து, அதே கமாண்டின் இன்க்ளூட் கேரக்டர் ஆப்ஷனால் பிரித்தேன். "சிஎஸ்வி ஆக்கிவிட்டால் ஆச்சே" என்று சொல்பவர்களுக்கு: பேக்டில் 25 என்று ஒரு பைட் வந்தால், ஆஸ்கிக்கு மாற்றும்போது அது லைன் ஃபீட் ஆகி ரெக்கார்டு நடுவிலேயே ஒடிந்துவிடும்.

ஊற்றியதும் எஸ்க்யூஎல்லில் பார்த்தால் அளவு, விலை இரண்டிலும் ஆங்காங்கே வரிசையாக ப்ளஸ் குறிகள். கூட்டல் போட்டால் டெசிமல் டேட்டா எரர். நோசெக் எதையும் சோதிக்காமல் அப்படியே கொட்டுவதால் வண்டவாளம் இங்கேதான் வெளியே வந்தது. ஃபைலை அப்படியே காட்டும் டிஎஸ்பிபிஎஃப்எம் கமாண்டில் எஃப்10 அழுத்தி ஹெக்ஸைப் பார்த்தேன். எண் இருக்க வேண்டிய இடத்தில் 40 40 40. ஐபிஎம்மின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில் அது ஸ்பேஸ்.

அந்தத் தொழிற்சாலையின் இ.டி.பி. (கம்ப்யூட்டர்) டிபார்ட்மென்டில் இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். கேட்டேன். "தம்பி, பிளாங்க்னா ஜீரோதானே? அதுக்கு எதுக்கு தனியா எழுதணும்?" என்றார். ஓ-ஸ்பெக்கில் (அவுட்புட்டை விவரிக்கும் வரிகள்) ஒரு ஃபீல்டைக் குறிப்பிடாமல் புது ரெக்கார்டு சேர்த்தால் அந்த இடம் பிளாங்காகவே பதிவாகும். 36 அதைப் பெரிதுபடுத்தாமல் படித்துக்கொண்டது. அந்த 36 என்விரான்மென்ட் இல்லாத நேட்டிவ் 400 படிக்காது, முரண்டு பிடிக்கும்.

இன்றைய ஆர்பிஜி 4-ல் ஃபிக்ஸ்நம்பர் ஆப்ஷன் இதற்கென்றே இருக்கிறது. ஸோண்டு என்று கொடுத்து கம்பைல் செய்தால் ஸோண்டு ஃபீல்டில் (பைட்டுக்கு ஓர் இலக்கம்) பிளாங்க் பூஜ்யமாகும், தவறான சைன் பாசிட்டிவாகும். இதுவரை சரி. ஆனால் இன்புட்பேக்டு என்ற இன்னொன்றைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பேக்டில் எந்தக் குப்பை இருந்தாலும் சத்தமில்லாமல் பூஜ்யம் ஆக்கிவிடும், பிளாங்குக்கும் உண்மையான சேதத்துக்கும் வித்தியாசம் பார்க்காது.

ஆகவே ரீஸ்டோர் ஆன தட்டை ஃபைலிலேயே அந்த மூன்று பைட்டை சப்ஸ்ட்ரிங்கால் வெட்டி, ஹெக்ஸில் பார்த்துப் பிரித்தேன். முழுக்க 40 என்றால் பூஜ்யம். கடைசி நிபிள் (அரை பைட்) சி, டி, எஃப் மூன்றில் ஒன்றாகவும் மீதி எல்லாம் இலக்கமாகவும் இருந்தால் நல்ல எண். இரண்டிலும் சேராததைத் தனியாக லிஸ்ட் எடுத்தேன். லிஸ்டில் சிக்கியதைப் படித்தால் அந்த இடத்தில் வார்த்தைகள்! டீடெயிலுக்கான அதே முதல் எழுத்தைக் கொடுத்து ரிமார்க்ஸ் வரிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். இன்புட்பேக்டு சேர்த்திருந்தால் அத்தனையும் பூஜ்ய அளவுள்ள சரக்குகளாக லெட்ஜரில் உட்கார்ந்திருக்கும், டோட்டலும் டேலி ஆகியிருக்கும், யாருக்கும் தெரியவே வந்திருக்காது.

டெட்டர்ஸ் ஃபைல் (பணம் தர வேண்டியவர்கள் கணக்கு) இன்னும் பாக்கி. அதில் தேதிகள் ஆறு இலக்கம், சில ஃபைலில் நாள் முன்னால், சிலதில் வருஷம் முன்னால். அதைத் தொடுவதற்குள் மனம் கால் அங்குல டேப் கார்ட்ரிட்ஜ்களுக்குப் போய்விட்டது. பெரியவர் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறார். டிரைவின் கேப்ஸ்டன் (டேப்பை ஓட்டும் உருளை) ரப்பர் பிசினாக உருகியிருக்கிறது, அதைச் சுரண்டிவிட்டு சிலிக்கோன் டியூப் மாட்ட வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடில் அரை நாள் அலைந்தேன். ஒரு கடைக்கார அண்ணன் டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். டியூப் கடைசியில் அக்வேரியம் கடையில் கிடைத்தது, உள் விட்டம் கொஞ்சம் பெரிது. கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் பெல்ட்டும் பழசானால் டேப்பில் ஒட்டிக்கொண்டு காந்தப் பூச்சை உரித்துவிடும், அதனால் ஒவ்வொன்றையும் திறந்து பெல்ட்டைப் பார்க்காமல் எதையும் டிரைவில் போடப் போவதில்லை. சரியான அளவு டியூப் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஒரு ட்வினாக்ஸ் கேபிள் (400-க்கு டெர்மினல் இணைப்பது) பதிலுக்குத் தருகிறேன்.