விரல் போன பிறகு எழுதப்படும் அறிக்கை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், உலோகத் தகட்டை அடித்து வெட்டி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தொழிற்சங்கக் கிளையிலும் பொறுப்பில் இருந்தேன். அப்போது என் கைக்கு வந்த விபத்து அறிக்கைகள் பெரும்பாலானவற்றில் காரணம் என்ற இடத்தில் ஒரே வாசகம்தான் இருக்கும்: தொழிலாளியின் கவனக்குறைவு. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

எங்களோடு வேலை செய்த ஓர் இளைஞருக்கு இரவு ஷிப்டில் ஆள்காட்டி விரல் முழுவதும் போனது. அவர் ஓட்டிய பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அடி விழும். அப்போது கை டைக்குள், அதாவது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சுக்குள், இருக்க வழியே இல்லை. ஆனால் ஒரு பட்டனில் தகட்டுத் துண்டைச் செருகி, எப்போதும் அழுந்தியே இருக்கும்படி செய்திருந்தார்கள். போர்டில் எழுதியிருந்த மணிக்கணக்கு இலக்கை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு எட்ட முடியாது. இது சூப்பர்வைசருக்கும் தெரியும், பராமரிப்புப் பிரிவுக்கும் தெரியும். அறிக்கையில் தகட்டுத் துண்டைப் பற்றி ஒரு வரி இல்லை. இலக்கைப் பற்றியும் இல்லை.

பழைய கீ கிளட்ச் பிரஸ்கள் இதைவிட மோசம். அவற்றில் அடியை விடுவதும் நிறுத்துவதும் கீ என்ற சிறு இரும்புத் துண்டுதான். அது தேய்ந்துவிட்டால், அடிக்க இறங்கும் பாகமான ராம் மேலே போய் நிற்காமல் தானாகவே இன்னொரு முறை இறங்கும். அந்த வகை மெஷினுக்கு கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் ஒளித்திரை சென்சார் மாட்டியும் பயனில்லை, ஏனென்றால் இறங்கத் தொடங்கிய ராமை நடுவில் நிறுத்த முடியாது. எவ்வளவு கவனமான ஆளாக இருந்தாலும் தேய்ந்த கீயின் முன்னால் என்ன செய்வார்? அதை மாற்றும் அதிகாரமும் பணமும் நிர்வாகத்திடம்தான் இருக்கின்றன. பொறுப்பும் அங்கேதான் இருக்க வேண்டும்.

சட்டம் இதைச் சொல்லாமல் இல்லை. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, பாதுகாப்பான இயந்திரத்தையும் வேலைமுறையையும் தருவது ஆலையை நடத்துபவரின் கடமை என்று 7ஏ பிரிவில் எழுதினார்கள். அபாயகரமான தொழில்களில் தொழிலாளர்களும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழுவும் அப்போது வந்ததுதான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் பாதுகாப்புக்கான புதிய தொகுப்புச் சட்டத்திலோ, மின்சாரத்தில் இயங்கும் இடம் தொழிற்சாலை என்று கணக்கிடப்பட 10 பேர் போதும் என்றிருந்தது 20 ஆகிவிட்டது. அம்பத்தூரின் சந்துகளில் 12 பேர், 15 பேரை வைத்து நடக்கும் பிரஸ் பட்டறைகளை எனக்குத் தெரியும். இனி அவை தொழிற்சாலைக் கணக்கில் வராது. விரல்கள் அதிகம் போவது அங்கேதான்.

இழப்பீட்டுக்கான சட்ட அட்டவணையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. தரும் மாதத்தொகை அந்தக் கணக்கில்தான் வரும். அந்த இளைஞர், பிரஸ்ஸில் டையைப் பொருத்திச் சரிசெய்யும் டை செட்டர் ஆவதற்காக வேலை பழகிக்கொண்டிருந்தார். குணமாகி வந்ததும் பேக்கிங்கில் போட்டார்கள். அந்த இழப்புக்கு எந்த அட்டவணையிலும் சதவீதம் கிடையாது.

சங்கங்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. போனஸுக்காக நள்ளிரவு வரை பேசுகிறோம். ஊதிய ஒப்பந்தத்தில் பாதுகாப்பு கடைசிப் பக்கத்தில், ‘இதர கோரிக்கைகள்’ என்பதற்குள் கிடக்கிறது. இன்று பிரஸ்ஸில் நிற்பவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள். அவர்களுக்குச் சங்க உறுப்பினர் அட்டை கிடையாது என்பதற்காக அவர்கள் கையைப் பற்றிப் பேசாமல் இருப்பது எந்த வகையில் நியாயம்?

கிளைத் தோழர்களே, அடுத்த கோரிக்கைப் பட்டியலின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதுங்கள். பாதுகாப்பு அமைப்பு வேலை செய்யாத பிரஸ்ஸை நிறுத்தும் உரிமை அதை ஓட்டுபவருக்கு வேண்டும், அவர் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும். மெஷின் சரியாகும்வரை அவர் சம்பளத்தில் ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது. விபத்து அறிக்கையில் அன்றைய உற்பத்தி இலக்கையும், அந்த மெஷின் கடைசியாகப் பழுது பார்க்கப்பட்ட தேதியையும் குறிப்பிட வேண்டும். தொழிலாளர் பிரதிநிதி கையெழுத்திடாமல் அந்த அறிக்கை ஆலையை விட்டு வெளியே போகக் கூடாது.