பதினெட்டுக்கு எட்டு மாதம் பாக்கி

"நான் இங்க வராமலே இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதுல்லக்கா?"

அந்தப் பெண் இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழாம் மாதம். வீட்டுக்காரன் அப்போது சிறையில். "அப்படிச் சொல்லாதம்மா, ரத்தம் எட்டு கிராம்தான் இருந்துச்சு, வந்ததாலதான் ஊசி போட்டு ஏத்த முடிஞ்சுது" என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவள் கேட்டது ரத்தத்தைப் பற்றி இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பதிவன்று நடந்தது கர்ப்பிணிகளைப் பதிகிற எல்லாச் செவிலியருக்கும் பழகிய காட்சிதான். கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவெண்ணான பிக்மி எண் போட ஆதாரை வாங்கினேன். பிறந்த தேதியைப் பார்த்தால் பதினெட்டுக்கு எட்டு மாதம் பாக்கி. பெண்ணின் அம்மா மேசைப் பக்கம் குனிந்து, "எட்டு மாசந்தானே சிஸ்டர், பத்தொன்பதுன்னு போட்டுக்கங்க. கோயில்ல வச்சுத் தாலி கட்டியாச்சு, ரெண்டு வீட்டுக்கும் சம்மதம்" என்றார். அந்தப் பெண் கழுத்துக் கயிற்றை வெளியே எடுத்துக் காட்டினாள். மஞ்சள் இன்னும் மங்கவில்லை. அதை ஏதோ அத்தாட்சிச் சீட்டு மாதிரிக் காட்டினாள்.

நான் டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் மகளிர் காவல் நிலையத்துக்குத் தகவல் எழுதினார். வேறு வழி இருந்ததா? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தாலி, வீட்டுச் சம்மதம் எதுவும் கணக்கில் வராது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2012 நவம்பர் 14-க்குப் பிறகு, 18 வயதுக்குக் கீழ் சம்மதம் என்ற பேச்சே இல்லை. கர்ப்பமும் சேர்ந்துவிட்டால் குற்றம் இன்னும் கடுமையாகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு. சென்ட்ரிங் வேலை பார்க்கிற ஒரு பையனுக்கு 20 ஆண்டு! தகவல் எழுதிய அன்று இந்த எண்ணை நான் நினைத்துப் பார்க்கவில்லை, பிறகுதான் யோசித்தேன்.

என்றாலும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு இதே மேசைக்கு வந்த பதினைந்து வயதுப் பெண்ணையும் "லவ் பண்ணிட்டா சிஸ்டர், கட்டி வச்சுட்டோம்" என்றுதான் கூட்டி வந்தார்கள். அவளும் தலையாட்டினாள். காப்பகத்தில் தனியாக உட்கார வைத்துக் கேட்ட பிறகுதான், வீட்டுக்குள்ளேயே இருந்த ஓர் ஆளின் பெயரைச் சொன்னாள். அன்று "பாவம், சின்னஞ்சிறுசுகள்" என்று விட்டிருந்தால்? பதிவு மேசையில் எங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம், அதுவும் பக்கத்தில் வீட்டு ஆட்கள் நிற்க. எது காதல், எது மிரட்டல் என்று தலையாட்டலைப் பார்த்துச் சொல்லும் வித்தை எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்பவர்களை நான் நம்புவதும் இல்லை.

இப்படியே நினைத்து மனதைத் தேற்றிக்கொள்வேன். அப்புறம் அந்தக் கேள்வி திரும்ப வரும். சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் இதுபோன்ற ஒரு காதல் வழக்கை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் போலீஸ் தகவலில் மருத்துவர் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்றது. ஆக, கலைக்க வந்தால் பெயரை மறைக்க வழி உண்டு. பெற்றுக்கொள்ள வந்தவளுக்கு அது இல்லை. இந்த முரணை எங்கள் டாக்டரிடம் சொன்னேன். "அதெல்லாம் மேல பேச வேண்டியது, நமக்கு ரெஜிஸ்டர்" என்றார். சட்ட ஆணையமும் 2023-இல் சம்மத வயதைக் குறைக்க வேண்டாம் என்றுதான் சொன்னது. பதினாறிலிருந்து பதினெட்டு வரை உள்ளவர்கள் மனமொத்துப் பழகிய வழக்குகளில், தண்டனையை முடிவு செய்ய நீதிபதிக்கு இடம் கொடுக்கலாம் என்றது. சரி, அந்த நீதிபதி வரைக்கும் போவதற்குள் குழந்தை பிறந்துவிடுகிறதே.

வயதைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பதினாறு என்று வந்தால் பதினைந்தைப் பதினாறு என்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண்ணின் தெருவில் இன்னொரு பெண் ஐந்து மாதம் வரை எங்கள் பக்கமே வரவில்லை. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிப் போனபோது, "ஊருக்குப் போயிருக்கா" என்றார்களாம். கொடியில் அவளுடைய பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்ததாம்.

இப்போது சின்ன வயதாகத் தெரிந்தால், ஆதாரை வாங்குவதற்கு முன்பே போலீசுக்குத் தகவல் போகும் என்று சொல்லிவிடுகிறேன். என் கூட வேலை பார்க்கும் அக்காவுக்கு இதில் உடன்பாடு இல்லை. "முன்னாடியே சொன்னா எழுந்து போயிருவாங்க, அப்புறம் அந்தப் பிள்ளைக்கு யாரு பிரஷர் பார்ப்பா?" என்கிறார். அதுவும் நியாயம்தான். சொல்லாமல் உட்கார வைப்பது எனக்கு முடியவில்லை. போன மாதம் ஒருத்தி எழுந்துதான் போனாள். நானும் இருக்கையை விட்டு எழுந்து வாசல் வரை போனேன், கூப்பிடவில்லை.